சாலையோரம் நின்றவர்கள் தரும் பாடம்



சைக்கிள் என்றதும் ஏரல்வாசிகளான நமக்கு என்ன நினைவுக்கு வரும்? கேரியரில் கட்டிய துணிமூட்டை. இரண்டு பக்கமும் தொங்கும் வாழைத்தார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டிச் சந்தைக்கு வரும் சிறு வியாபாரி. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டி. நமக்குச் சைக்கிள் என்பது பிழைப்பின் வாகனம், ஏழையின் கால்.

அதே சைக்கிளை வைத்து ஐரோப்பாவில் கோடிக்கணக்கில் பணம் புரளும் ஒரு விளையாட்டு நடக்கிறது. 2025ஆம் ஆண்டில் அந்த விளையாட்டில் நடந்த ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம். "விளையாட்டுப் பக்கத்துச் செய்தி, நமக்கெதற்கு?" என்று தாளைப் புரட்டிவிடாதீர்கள். கடை வைத்திருப்பவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. காஸாவைப் பார்த்துக் கொதித்துப் போய், என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பேசியைத் தேய்த்துக் கொண்டிருக்கும் நம் இளைஞருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

டிக்கெட் இல்லாத விளையாட்டு

முதலில் இந்த விளையாட்டின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கிரிக்கெட்டுக்கு மைதானம் உண்டு, வாசல் உண்டு, டிக்கெட் உண்டு. சாலை சைக்கிள் பந்தயத்துக்கு இவை எதுவும் கிடையாது. இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் ஆகிய மூன்று நாடுகளின் பெயரில் நடக்கும் மூன்று பெரும் பந்தயங்களில் ஒவ்வொன்றும் மூன்று வாரம் நீடிக்கும். ஊர் ஊராக, மலை மலையாக ஓட்டுவார்கள். ஊர் மக்கள் அவரவர் வீட்டு வாசலில் நின்று காசில்லாமல் பார்ப்பார்கள்.

அப்படியானால் பணம் எங்கிருந்து வருகிறது? சட்டையில் அச்சடித்த பெயரிலிருந்து வருகிறது. நம்மூர்க் கபடிக் குழுவுக்குக் கடைக்காரர் ஒருவர் பனியன் எடுத்துக் கொடுத்து, அதில் தன் கடைப் பெயரைப் போட்டுக்கொள்வதில்லையா? அதேதான். அங்கே கம்பெனிகளும், சில சமயம் நாடுகளுமே அந்தப் பனியனை வாங்கிக் கொடுக்கின்றன. வீரன் ஜெயித்தால் பெயர் தொலைக்காட்சியில் மின்னும். பெயருக்கு நல்ல மணம் ஏறும். அதற்காகத்தான் அத்தனை செலவு.

ஆக, இந்த வியாபாரத்தின் முதல் இரண்டு: ஒன்று பொதுச் சாலை, மற்றொன்று பெயர். சாலை மக்களுடையது. பெயரோ, மக்கள் மதிக்கும் வரைதான் பெயர். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"விளையாட்டில் அரசியல் வேண்டாம்" என்பவர்களுக்கு

காஸாவைப் பற்றி யாராவது வாய் திறந்தால், உடனே ஒரு கூட்டம் "விளையாட்டில் அரசியலைக் கலக்காதே" என்று உபதேசம் செய்கிறது. இந்த விளையாட்டின் பிறப்பே அரசியலில்தான் என்பது அவர்களுக்குத் தெரியுமா?

1894இல் பிரெஞ்சு ராணுவத்தில் ஆல்பிரட் டிரைஃபஸ் என்ற யூத அதிகாரி மீது பொய்யான தேசத்துரோகக் குற்றம் சாட்டித் தண்டித்தார்கள். பிரான்சே இரண்டாகப் பிளந்தது. முன்னணி விளையாட்டுப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் டிரைஃபஸுக்கு ஆதரவாக நின்றார். அது பிடிக்காத முதலாளிகள் விளம்பரத்தைப் பிடுங்கிக்கொண்டு 1900இல் போட்டிப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தப் பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காக 1903இல் நடத்திய பந்தயம்தான் உலகப் புகழ்பெற்ற 'டூர் டி பிரான்ஸ்'. டிரைஃபஸ் நிரபராதி என்று தீர்ப்பாக 1906 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1914 ஜூன் 28 அன்று அந்த ஆண்டின் டூர் புறப்பட்டது. அதே நாளில் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். அடுத்த மாதமே முதல் உலகப் போர் மூண்டது. 1942 ஜூலையில் பாரிஸ் நகரில் யூதக் குடும்பங்களைப் பிள்ளைகுட்டிகளோடு பிடித்து அடைத்து வைத்த இடமும் ஒரு சைக்கிள் பந்தய அரங்கம்தான். அங்கிருந்துதான் அவர்கள் மரண முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் காலத்தில் இத்தாலியச் சைக்கிள் வீரர் ஜினோ பார்த்தாலி, யூதர்களைக் காப்பாற்றப் போலி அடையாளச் சீட்டுகளைத் தன் சைக்கிள் குழாய்க்குள் ஒளித்துக் கொண்டு போனதற்காக, இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகமே 2013இல் அவரைக் கௌரவித்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறோம்? அன்று யூதருக்கு இழைக்கப்பட்டது அநீதி. அதை எதிர்த்தவர்கள் செய்தது சரி. நம் வழக்கு யூதர்களோடு அல்ல, அநீதியோடு. இந்த வேறுபாட்டை நாம் ஒரு கணமும் மறந்துவிடக் கூடாது. மறந்தால் நம் பேச்சுக்கு மதிப்பில்லை.

ஒரு சொல் காணாமல் போன கதை

2018 மார்ச் 30. காஸா எல்லையில் மக்கள் ஊர்வலம். அலா அல் தாலி என்ற இளம் சைக்கிள் வீரர், பந்தய உடையோடு தன் சைக்கிளைப் பிடித்துக் கொண்டு நின்றார். அந்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பாலஸ்தீனத்துக்காக ஓட்ட வேண்டும் என்பது அவர் கனவு. இஸ்ரேலியச் சிப்பாயின் குண்டு காலில் பாய்ந்தது. காலை எடுத்துவிட்டார்கள்.

அதற்கு ஐந்து வாரம் கழித்து, மே 4 அன்று, இத்தாலியின் பெயரில் நடக்கும் பெரும் பந்தயம் எங்கே தொடங்கியது தெரியுமா? ஜெருசலேமில்! ஐரோப்பாவுக்கு வெளியே அப்படி ஒரு பந்தயம் தொடங்கியது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய ஆண்டு வழித்தடத்தை அறிவித்தபோது நடத்துநர்கள் 'மேற்கு ஜெருசலேம்' என்று எழுதியிருந்தார்கள். இஸ்ரேலிய அமைச்சர்கள் மிரட்டினார்கள். 'மேற்கு' என்ற சொல்லை அழித்துவிட்டார்கள். கிழக்கு ஜெருசலேம் ஆக்கிரமிக்கப்பட்ட நிலம் என்பதை நினைவூட்டும் ஒரே ஒரு சொல். அது போயிற்று.

அந்தத் தொடக்கத்துக்குப் பெரும் பொருள் கொடுத்தவர் சில்வன் ஆடம்ஸ் என்ற கனடிய இஸ்ரேலியக் கோடீஸ்வரர். பின்னாளில் 'இஸ்ரேல்–பிரீமியர் டெக்' என்று பெயர் பெற்ற அணியின் உரிமையாளரும் அவர்தான். தன்னை இஸ்ரேலின் தூதர் போலவே சொல்லிக்கொண்டவர். "இது தனியார் அணி, அரசுக்கு இதில் பங்கில்லை" என்று அணியினர் வாதாடினார்கள். அரசுப் பணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாட்டின் பெயரைச் சட்டையில் போட்டு ஊர் ஊராக ஓட்டிவிட்டு, அந்த நாடு செய்வதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்றால் யார் ஒப்புவார்?

அலா அல் தாலி என்ன ஆனார்? ஒற்றைக் காலோடு மீண்டும் சைக்கிள் ஏறினார். 2020இல் 'காஸா சன்பேர்ட்ஸ்' என்ற மாற்றுத்திறனாளி சைக்கிள் குழுவை நண்பரோடு சேர்ந்து உருவாக்கினார். 2023இல் போர் வந்தபோது அந்தக் குழுவினர் பந்தயத்தை விட்டுவிட்டு மக்களுக்கு உணவு சுமந்தார்கள்.

2025: மூன்று வாரம் நடந்தது என்ன?

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அப்பாவிகள் அதில் ஏராளம். அதை நியாயப்படுத்த வேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால் அதன்பின் காஸா முழுவதன் மீதும் ஏவப்பட்டதை எந்தத் தராசில் வைப்பது? 2025 செப்டம்பர் நடுவில், காஸா சுகாதாரத் துறையின் கணக்கில் மாண்டவர் தொகை 64,000ஐத் தாண்டியிருந்தது. ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து இயங்கும் உணவு மதிப்பீட்டுக் குழு, காஸா மாநகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக ஆகஸ்ட் 22 அன்று அறிவித்தது.

மறுநாள், ஆகஸ்ட் 23 அன்று, ஸ்பெயின் பந்தயம் இத்தாலியின் டூரின் நகரில் புறப்பட்டது. 21 கட்டங்கள், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அதில் ஓர் அணியின் சட்டையில் 'இஸ்ரேல்'.

அதற்கு முன்பே ஜூலையில், பிரான்சின் துலூஸ் நகரில் ஓர் இளைஞர் எல்லைக்கோட்டுக்கு அருகே ஓடி வந்து எதிர்ப்புக் காட்டியிருந்தார். அது ஒற்றை மனிதக் குரல். ஸ்பெயினிலோ ஊரே பேசியது. ஆகஸ்ட் 27 அன்று பிகெராஸ் நகரில் சிலர் பாலஸ்தீனக் கொடியோடு அந்த அணியை மட்டும் மறித்தார்கள். செப்டம்பர் 3 அன்று பில்பாவோ நகரில் கூட்டம் பெருகி, எல்லைக்கு மூன்று கிலோமீட்டர் முன்பே கட்டத்தை முடித்தார்கள். அன்று வெற்றியாளரே இல்லை. 16ஆம் கட்டத்தை எட்டு கிலோமீட்டர் முன்பே நிறுத்தினார்கள். வல்யாதோலித் நகரில் 27 கிலோமீட்டர் ஓட வேண்டிய கட்டம் 12 கிலோமீட்டராகச் சுருங்கியது.

செப்டம்பர் 14, மத்ரீத். கடைசி நாள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீசார் நின்றும், வீதிக்கு வந்த மக்கள் ஒரு லட்சம் என்பது அரசுத் தரப்பின் கணக்கு. பந்தயம் பாதியில் கைவிடப்பட்டது. மூன்று வாரம் உழைத்து முதலிடம் பெற்ற டென்மார்க் வீரர் யோனாஸ் விங்ககோவுக்கு மேடை இல்லை. வீரர்களே ஒரு ஹோட்டலின் வண்டி நிறுத்துமிடத்தில் ஐஸ் பெட்டிகளை அடுக்கிப் பரிசளிப்பு நடத்திக்கொண்டார்கள்.

ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்செஸ், போராடிய மக்களைப் பாராட்டினார். எதிர்க்கட்சியினரும் மத்ரீத் மேயரும் இது நாட்டுக்கு அவமானம் என்றார்கள். இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 16 அன்று, ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் நியமித்த விசாரணை ஆணையம், காஸாவில் நடப்பது இன அழிப்பு என்ற முடிவை வெளியிட்டது. இஸ்ரேல் அதை மறுத்தது.

ரஷ்யாவுக்கு ஒரு படி, இஸ்ரேலுக்கு ஒரு படி

வியாபாரிகளே, உங்களுக்கு ஒரு கேள்வி. வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது ஒரு படி வைத்திருப்பவனை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்?

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மார்ச் 1 அன்றே உலகச் சைக்கிள் சங்கம் ரஷ்ய, பெலாரஸ் அணிகளின் தகுதியைப் பறித்தது. காஸ்பிரோம் என்ற அணி ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. அதில் ஓட்டிய வேறு நாட்டு வீரர்களும் வேலை இழந்தார்கள். ஐந்தே நாளில் தீர்ப்பு!

காஸாவுக்கோ ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியும் அதே சங்கம் "விளையாட்டு நடுநிலையானது" என்றது. பந்தய நடத்துநர்களும் "விதிப்படி அந்த அணிக்கு அழைப்பு கொடுத்தே ஆக வேண்டும், எங்கள் கையில் இல்லை" என்றார்கள். விதி என்னமோ அப்படித்தான். ஆனால் 2022இல் விதி எங்கே போயிருந்தது? ரஷ்ய அணி ரஷ்ய அரசுக் கம்பெனியின் பணத்தில் நடந்தது, இது தனியார் பணம் என்று வேறுபாடு காட்டலாம். அந்த வேறுபாட்டையாவது வாய் திறந்து விளக்கியிருக்க வேண்டும். விளக்காமல் நடுநிலை பேசினால் அதற்குப் பெயர் நடுநிலை அல்ல, கள்ளப்படி.

சங்கம் அசையவில்லை. அசைந்தது எது?

பெயர்தான். செப்டம்பர் 6 அன்று அணி தன் சட்டையிலிருந்து 'இஸ்ரேல்' என்ற சொல்லை எடுத்தது. அக்டோபர் 6 அன்று, அணி இஸ்ரேலிய அடையாளத்தையே விட்டுவிடும், ஆடம்ஸ் அன்றாட நிர்வாகத்திலிருந்து ஒதுங்குவார் என்று அறிவித்தார்கள். அக்டோபர் தொடக்கத்தில் நடந்த இத்தாலியின் எமிலியா பந்தயத்திலிருந்தும் அந்த அணியை நீக்கியிருந்தார்கள். நவம்பரில் பிரீமியர் டெக் கம்பெனி ஆதரவை விலக்கிக்கொண்டது. அதே மாதம் ஸ்பெயினின் என்.எஸ்.என். நிறுவனம் அணியை எடுத்துக்கொண்டது. கால்பந்து வீரர் இனியெஸ்டா அதன் நிறுவனர்களில் ஒருவர். அணியின் உரிமமும் சுவிட்சர்லாந்துக்கு மாறியது.

2017இல் மிரட்டலால் ஒரு சொல் அழிக்கப்பட்டது. 2025இல் மக்களால் ஒரு சொல் அழிக்கப்பட்டது. சட்டம் செய்யாததை, பெயருக்குப் பயந்த பணம் செய்தது.

நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்

இதைப் படித்ததும் "அல்லாஹு அக்பர்" என்று முழங்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவது எளிது. கொஞ்சம் பொறுங்கள். இதில் நமக்கு இனிக்காத உண்மைகளும் உண்டு.

ஒன்று: ஸ்பெயினில் நின்றவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். பாஸ்க் நாட்டுத் தொழிலாளி, மத்ரீத் பல்கலைக்கழக மாணவி, பென்ஷன் வாங்கும் தாத்தா, பாட்டி. பாலஸ்தீனம் நம் சமுதாயப் பிரச்சினை மட்டுமே என்று சுருக்கிக் காட்டுபவர்களுக்கு அவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். நாமும்கூடப் பல சமயம் அதைப் பள்ளிவாசல் வாசலோடு நிறுத்திவிடுகிறோம். பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் என்றாவது உட்கார்ந்து விளக்கியிருக்கிறோமா?

இரண்டு: சில இடங்களில் தவறும் நடந்தது. 10ஆம் கட்டத்தில் ஒருவர் சாலைக்குள் வந்ததால் இத்தாலிய வீரர் பெதில்லி விழுந்தார். 15ஆம் கட்டத்தில் கொடியோடு ஒருவர் பாய்ந்ததில் ஸ்பெயின் வீரர் ரோமோ விழுந்து, அடுத்து பந்தயத்தை விட்டே விலக நேர்ந்தது. இவர்கள் யாரும் காஸா மீது குண்டு போட்டவர்கள் அல்லர். கூலிக்குச் சைக்கிள் மிதிப்பவர்கள். மத்ரீத்தில் போலீசார் 22 பேருக்குக் காயம். நியாயமான கோரிக்கையை எதிரி தோற்கடிப்பதைவிட நம் அவசரக்காரன் தோற்கடிப்பதே அதிகம். ஓரத்தில் நின்ற ஆயிரம் பேரின் அமைதி சொன்னதை, குறுக்கே பாய்ந்த ஒருவர் கெடுத்தார்.

மூன்று: இது மிகவும் கசப்பானது. சட்டையில் பெயர் எழுதிப் புகழ் வாங்குவது இஸ்ரேல் மட்டும்தானா? 2025 டூர் டி பிரான்ஸில் வென்ற ஸ்லோவேனிய வீரர் பொகாச்சரின் சட்டையில் இருப்பது ஐக்கிய அரபு அமீரகத்தின் பெயர். பஹ்ரைன் பெயரிலும் ஓர் அணி உண்டு. சூடானில் மக்களைக் கொன்று குவிக்கும் துணைப்படைக்கு அமீரகம் ஆயுதம் தருகிறது என்று சூடான் அரசே உலக நீதிமன்றம் போனது. அமீரகம் மறுத்தது, தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று சொல்லி நீதிமன்றம் 2025 மே மாதம் வழக்கைத் தள்ளியது. குற்றம் உண்டா இல்லையா என்பதை அது விசாரிக்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. ஆப்பிரிக்கா கண்ட முதல் போட்டி. பக்கத்துக் காங்கோவில் ருவாண்டா ஆதரவுப் படை ஊர்களைப் பிடித்துக் கொண்டிருந்த நேரம் அது. இவற்றுக்கு நாம் எத்தனை சுவரொட்டி ஒட்டினோம்? சூடானில் சாகிறவனும் கலிமா சொன்னவன்தானே! அரபு நாட்டுப் பெயர் என்றால் நம் தராசு ஏன் தாழ்கிறது? உலகச் சங்கத்தின் கள்ளப்படியைத் திட்டுகிற நம் கையிலும் இரண்டு படி இருக்கலாமா? நீதி பகைவனுக்கும் உரியது, சொந்தக்காரனுக்கு எதிராகவும் சொல்லப்பட வேண்டியது என்றுதானே நம் மார்க்கம் கற்றுத் தந்தது?

நான்கு: அணியின் பெயர் மாறியதால் காஸாவுக்கு ஒரு மூட்டை மாவுகூடப் போய்ச் சேரவில்லை. அக்டோபர் 10 அன்று தொடங்கிய போர்நிறுத்தம் வேறு மேசைகளில் பேசப்பட்டது. அதன் பிறகும் அங்கே உயிர்கள் போயின. பந்தயத்தை நிறுத்தியதால் போர் நின்றது என்று சொல்வது பொய். நல்ல பெயர் காசுக்குக் கிடைக்காது என்று காட்டினார்கள், அவ்வளவுதான். அந்த அவ்வளவும் சிறிதல்ல.

தூத்துக்குடிக் கப்பல் மறந்துபோனதா?

பெயரையும் பணத்தையும் வைத்து ஒரு சாம்ராஜ்யத்தை அசைக்கலாம் என்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. ஏரலிலிருந்து கூப்பிடு தூரத்திலிருக்கும் தூத்துக்குடியில் 1906 அக்டோபர் 16 அன்று வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பத்து லட்ச ரூபாய் மூலதனம், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். அதில் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்ச ரூபாய்க்கு வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற முஸ்லிம் வணிகர். அந்தக் காலத்து இரண்டு லட்சம்! கொழும்புக்குக் கப்பல் ஓடியது. வெள்ளைக்காரன் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. சும்மாவே ஏற்றிக்கொள்கிறேன் என்றும் சொன்னது.

1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆனால் கப்பல்? தலைவர் சிறையில் செக்கிழுத்துக் கொண்டிருக்க, 1911இல் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வரவேற்கக் கூட்டமும் இல்லை.

ஒரு நாள் கொந்தளிப்புக்கு ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். மாதா மாதம் பங்கைக் காப்பாற்ற, கட்டணம் கொஞ்சம் கூடினாலும் நம் கப்பலில்தான் போவேன் என்று நிற்க, ஆள் போதவில்லை. கோபம் ஒரு நாளில் எரிந்து போகும். கணக்கு எழுதி நடத்துகிற உறுதிதான் கரை சேர்க்கும்.

ஏரலில் நாம் என்ன செய்யலாம்?

இளைஞர்களே! யார் எழுதியது என்று தெரியாத புறக்கணிப்புப் பட்டியல்களை இரவோடு இரவாக அனுப்பாதீர்கள். அதில் பாதிப் பெயர்கள் தவறாக இருந்தால் மீதிப் பாதியையும் எவரும் நம்ப மாட்டார்கள். ஒரு பொருளின் கம்பெனி யாருடையது, அது செய்தது என்ன என்று விசாரித்து, நிச்சயமான பிறகு ஒன்றிரண்டைச் சொல்லுங்கள். ஸ்பெயின் மக்கள் 23 அணிகளையும் திட்டவில்லை. ஒரே ஒரு பெயரைத்தான் சுட்டினார்கள். அதனால்தான் அது காதில் விழுந்தது. ஏஜென்சி எடுத்து வயிறு பிழைக்கும் உள்ளூர்ச் சகோதரனின் கடை முன்னால் போய்க் கத்தாதீர்கள். அவன் கண்ணாடியை உடைப்பதால் டெல் அவிவில் ஓர் ஓடும் விழாது. கூடுவதென்றால் முறையாக அனுமதி பெற்றுக் கூடுங்கள். ஆம்புலன்சுக்கு வழி விடுங்கள். அடுத்த மதத்துச் சகோதரரை மேடையில் முதலில் பேச வையுங்கள்.

வணிகப் பெருமக்களே! பெயரின் அருமை உங்களுக்குத் தெரிந்ததுபோல் யாருக்குத் தெரியும்? தகப்பனார் பெயரில் கடை நடத்துகிறீர்கள். எடை குறைந்தால் அந்தப் பெயர் குறையும். உங்கள் கடைத் தட்டில் எதை வைப்பது, எதை வேண்டாம் என்று சொல்வது என்பது உங்கள் உரிமை. அதைச் சத்தமில்லாமல், கணக்குப் பார்த்து, வருடக்கணக்கில் செய்யலாம். ஊர்க் குழுவுக்குப் பனியன் எடுத்துக் கொடுக்கும்போது அதில் போடும் பெயர் எந்தப் பணத்தில் வந்தது என்றும் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை ஏரல் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டு வந்தது. கடைகளுக்குள் தண்ணீர், பாலத்தில் சேதம், நாள் கணக்கில் ஊர் துண்டாகிக் கிடந்தது. பாதை அடைபட்டால் பசி எப்படி இருக்கும், பால் பவுடருக்குக் குழந்தை எப்படி அழும் என்று அந்த நாட்களில் பார்த்தோம். அப்போது படகிலும் லாரியிலும் சோற்றுப் பொட்டலம் கொண்டு வந்தவர்களிடம் நாம் மதம் கேட்கவில்லை. அவர்களும் நம்மிடம் கேட்கவில்லை. நமக்கு வந்தது மழை. அது வடிந்தது. காஸாவில் பாதையை அடைத்தது மழை அல்ல, மனிதன்.

அந்தச் சில நாட்களை அனுபவித்த ஊர், காஸாவின் பசியைப் பார்த்து மௌனமாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. ஆனால் நம் குரலில் பொய் கலக்கக் கூடாது. நம் கையால் அப்பாவி விழக் கூடாது. நம் தராசில் இரண்டு படி கூடாது. பந்தயம் போன பிறகும் சாலையோரத்தில் நிற்கும் பொறுமை வேண்டும்.

மத்ரீத் வீதியில் நின்றவர்கள் தங்கள் ஊர்ச் சாலையில்தான் நின்றார்கள். நம் ஊர்ச் சாலையும் நமக்குத்தான் இருக்கிறது. சிந்திப்போம் சகோதரர்களே! செயல்படுவோம், இன்ஷா அல்லாஹ்.